கேத்தல் கொதிக்கும்போது உடைவது எது?

கேட்டவர் மூதூர்ப் பக்கம் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை. கேள்வி இது: "பங்கீட்டுவலுப் பிணைப்பு மிகவும் வலிமையானது என்று ஒரு பாடத்தில் படிக்கிறோம். அடுத்த பாடத்தில், எளிய மூலக்கூறுகளாலான பதார்த்தங்களின் உருகுநிலையும் கொதிநிலையும் குறைவு என்கிறார்கள். பிணைப்பு வலிமை என்றால் உருக்குவதும் கஷ்டமாகத்தானே இருக்க வேண்டும்? இன்னொன்று, சீனியைத் தாச்சியில் போட்டுச் சூடாக்கினால் உருகுகிறதா, கருகுகிறதா? அங்கே உடைவது எந்தப் பிணைப்பு?"

பிள்ளை, இரண்டு பாடமும் சரி. இரண்டும் வேறு வேறு இடத்தைப் பற்றிப் பேசுகின்றன, அவ்வளவுதான். முதலாவது, அணுக்கள் இலத்திரன்களைப் பங்கிட்டுப் பிணைவது, மூலக்கூறுக்கு உள்ளே நடப்பது. இரண்டாவது, ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் நடுவே நடப்பது. திருகோணமலையில் நான் இந்தப் பாடத்தைப் படிப்பிக்கத் தொடங்கி இருபது வருடம் தாண்டிவிட்டது. விடைத்தாள்களில் நான் அதிக தடவை சிவப்புக் கோடு போட்ட வசனம் "நீர் கொதிக்கும்போது ஐதரசன்–ஒட்சிசன் பிணைப்புகள் உடைகின்றன" என்பதுதான். கெட்டிக்காரப் பிள்ளைகளும் எழுதுவார்கள். ஆகவே சீனிக்குப் போகும் முன் கேத்தலில் தொடங்குவோம்.

அந்த வசனம் உண்மையாக இருந்தால், தேத்தண்ணிக்கு நீர் கொதிக்க வைக்கும் ஒவ்வொரு குசினியிலும் ஐதரசனும் ஒட்சிசனும் நிரம்பும். பக்கத்தில் அடுப்பு எரிகிறது. கூரை மிஞ்சாது. அப்படி எதுவும் நடப்பதில்லை. மூடியில் படியும் ஆவி திரும்பவும் தண்ணீராகத்தான் சொட்டுகிறது. போனது நீர் மூலக்கூறு, வந்ததும் அதே நீர் மூலக்கூறு.

கணக்கிலும் பார்க்கலாம். 18 கிராம் நீர், அதாவது ஒரு மூல். அதிலுள்ள மூலக்கூறுகள் எல்லாவற்றையும் தனித்தனி அணுக்களாகப் பிய்த்து எறிய 926 கிலோயூல் அளவு சக்தி வேண்டும். அதே 18 கிராமை 100 பாகை செல்சியசில் ஆவியாக்க வேண்டியது 41 கிலோயூல் மட்டுமே. இருபதில் ஒரு பங்கைவிடக் குறைவு. கேத்தல் அந்தச் சின்னச் செலவைத்தான் செய்கிறது. பெரிய பூட்டை அது தொடவே இல்லை.

இப்போது கோணேசர் கோயிலுக்குப் போவோம். கற்பூரக் கட்டி ஒன்றைத் தட்டில் திறந்தபடி விட்டால் நாள் போகப் போகத் தேய்ந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது தேய்வதற்குச் சாட்சி நம்முடைய மூக்கு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கற்பூர மூலக்கூறு ஒன்றில் 10 காபன், 16 ஐதரசன், 1 ஒட்சிசன், மொத்தம் 27 அணுக்கள். அவை 28 இடங்களில் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு சிறு கூடு போல நிற்கின்றன. அந்த 28 இல் ஒன்று முறிந்திருந்தாலும் மூக்குக்கு வருவது கற்பூர வாசமாக இருக்காது. வாசம் மாறாமல் வருகிறது என்றால் மூலக்கூறு சேதாரமில்லாமல் கட்டியை விட்டுக் கிளம்பி, காற்றில் மிதந்து, மூக்கு வரை வந்திருக்கிறது என்று பொருள். நம்ம ஊர் வெயிலே அதற்குப் போதும், அடுப்புக்கூட வேண்டாம். தீக்குச்சி வைத்தால் கதை வேறு. அப்போது காபன்–காபன் பிணைப்புகள் உண்மையிலேயே முறிந்து, காபனீரொட்சைட்டும் நீராவியும் கொஞ்சம் கரியும் பிறக்கின்றன. ஒரே தட்டில் இரண்டும் நடக்கும்: பற்றவைக்குமுன் வருகிற வாசம் ஒன்று, எரியும்போது எழுகிற புகை இன்னொன்று. பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்று பத்தாம் ஆண்டில் பாடமாக்கிய வித்தியாசம் இதுதான்.

இதெல்லாம் உவமை, பரீட்சைக்கு ஆதாரம் வேண்டும் என்பீர்கள். என் கையிலுள்ள நல்ல ஆதாரம் அலசன்கள், அதாவது குளோரீன் குடும்பத்து மூலகங்கள். மூலக்கூறுக்குள்ளே இருக்கும் பிணைப்பை ஒரு மூலுக்கு எத்தனை கிலோயூல் கொடுத்து உடைக்கலாம் என்று பாருங்கள்: குளோரீனுக்கு 242, புரோமீனுக்கு 193, அயடீனுக்கு 151. இறங்கிக்கொண்டே போகிறது. கொதிநிலை எப்படி? குளோரீன் மறை 34 பாகை, புரோமீன் 59, அயடீன் 184. ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே பிணைப்பு மிக நலிந்த அயடீன்தான் கொதிக்க வைக்க மிகவும் கஷ்டமானது. கொதிநிலையைத் தீர்மானிப்பது உள்பிணைப்பு என்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இந்த ஆறு எண்களையும் பாடமாக்குங்கள். ஒரு பக்கம் எழுதி விளக்குவதைவிட இவை பலமாகப் பேசும்.

சரி, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது எது? குளோரீனிலும் அயடீனிலும் இரு முனையும் ஒரே அணு. நிரந்தர நேர்முனை, மறைமுனை கிடையாது. ஆனால் இலத்திரன் முகில் ஒரு நொடியும் சும்மா இருப்பதில்லை. ஏதோ ஒரு கணத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக ஒதுங்குகிறது, அந்தப் பக்கம் சற்று மறையாகிறது, பக்கத்து மூலக்கூறின் முகிலையும் தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இழுவை பிறக்கிறது. அடுத்த கணம் அது போய் இன்னொன்று வரும். இதுதான் இலண்டன் கலைவு விசை. அயடீனில் இலத்திரன்கள் அதிகம், வெளி இலத்திரன்கள் கருவிலிருந்து தூரத்தில் தளர்வாக இருக்கின்றன, ஆகவே முகில் சுலபமாக நசிந்து கொடுக்கும். நசிந்து கொடுக்கக் கொடுக்க இழுவை கூடும்.

இந்த இடத்தில் "மூலக்கூற்றுத் திணிவு கூடுவதால் கொதிநிலை கூடுகிறது" என்று எழுதுபவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. புள்ளி கிடைத்துவிடலாம், காரணம் பிழை. திணிவுதான் காரணம் என்றால் பார நீரைப் பாருங்கள். சாதாரண ஐதரசனுக்குப் பதில் அதன் பாரம் கூடிய வடிவமான தூத்தேரியம் இருப்பதால் அது நீரைவிட ஒன்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. கொதிப்பதோ 101.4 பாகையில். ஒன்றரைப் பாகை வித்தியாசம்கூட இல்லை. இன்னும் கூர்மையான உதாரணம் கந்தக அறுபுளோரைட்டு. அதன் மூலர்த் திணிவு 146. பெற்றோலில் இருக்கும் ஒக்டேனுக்கு 114 தான். பாரம் குறைந்த ஒக்டேன் 126 பாகையில் கொதிக்கும் திரவம். பாரம் கூடிய கந்தக அறுபுளோரைட்டோ அறை வெப்பநிலையில் வாயு. குளிராக்கினாலும் வளிமண்டல அமுக்கத்தில் மறை 64 பாகைக்கு மேலே திண்மமாக நிற்காது. புளோரீன் தன் இலத்திரன்களை இறுக்கிப் பிடித்திருக்கிறது, முகில் நசியாது, பந்து போன்ற மூலக்கூறு பக்கத்தில் இருப்பதோடு ஒட்டாமல் நழுவிவிடுகிறது. ஆக, பார்க்க வேண்டியது தராசை அல்ல. இலத்திரன் முகில் எவ்வளவு பெரியது, எவ்வளவு இளகியது, எவ்வளவு மேற்பரப்பு தொடுகிறது என்பதைத்தான்.

சமையல் காஸ் சிலிண்டரும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. உள்ளே இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். ஒரு காபன்தான் வித்தியாசம், ஆனால் ஒன்று மறை 42 பாகையில் கொதிக்கும், மற்றது சைபரை ஒட்டி. 30 பாகைச் சூட்டில் புரொப்பேனைத் திரவமாக வைத்திருக்க ஏறத்தாழ 11 வளிமண்டல அமுக்கம் தேவை, பியூட்டேனுக்கு 3 இருந்தால் போதும். 2021 கடைசி மாதங்களில் நாடு முழுக்க அந்தக் கலவை விகிதத்தைப் பற்றியே பேச்சாக இருந்தது நினைவிருக்கும். புரொப்பேனைக் கூட்டினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். ஒரு காபனால் வரும் கலைவு விசை வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அப்போது வகுப்பில் சொல்ல எனக்கு வசதியாகப் போயிற்று.

இனி ஐஸ். மீன் வாடிப் பக்கம் போனவர்களுக்கு இது புதிதல்ல. படகு கரைக்கு வந்ததும் கட்டி ஐஸை உடைத்து மீன் பெட்டியில் நிரப்புவார்கள். உருகிய தண்ணீரின் மேலே மிச்ச ஐஸ் மிதந்துகொண்டிருக்கும். பெரும்பாலான பதார்த்தங்களில் திண்மம் தன் திரவத்தில் அடியில் தாழும். ஐஸ் மட்டும் ஏன் மிதக்கிறது?

கலைவு விசையை மட்டும் வைத்து நீரைக் கணக்கிட்டால் நாம் எல்லாரும் ஆவியைத்தான் குடிக்க வேண்டும். ஆவர்த்தன அட்டவணையில் ஒட்சிசனுக்குக் கீழே அதே கூட்டத்தில் உள்ள மூலகங்கள் ஐதரசனோடு சேர்ந்த ஐதரைட்டுகளின் கொதிநிலையைப் பாருங்கள்: ஐதரசன் தெலுரைட்டு மறை 2 பாகை, செலனைட்டு மறை 41, சல்பைட்டு மறை 60. அந்தக் கோட்டை நீட்டினால் நீர் இன்னும் கீழே, மறை 80 பாகைப் பக்கம் கொதித்திருக்க வேண்டும். கொதிப்பது 100 இல். இந்தப் பெரிய பாய்ச்சலுக்குக் காரணம் ஐதரசன் பிணைப்பு. ஒட்சிசன் சிறிய அணு, மின்னெதிர்த்தன்மை கூடியது. ஐதரசனிடமிருந்து இலத்திரனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஐதரசனுக்கோ உள்ளே வேறு இலத்திரன் ஓடு என்று ஒன்று இல்லை, இழுத்ததும் கிட்டத்தட்ட வெறுமையாகி நிற்கிறது. அந்த வெறுமை, பக்கத்து ஒட்சிசனில் பிணைப்பில் சேராமல் இருக்கும் தனிச்சோடி இலத்திரன்களை நாடிப் போகிறது. நைதரசன், ஒட்சிசன், புளோரீன் என்ற மூன்றில் ஒன்றோடு பிணைந்த ஐதரசனிடம்தான் இதைத் தெளிவாகக் காண்கிறோம்.

பெயரில் "பிணைப்பு" இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். இது மூலக்கூறுக்கு உள்ளே இருப்பது அல்ல, இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையே இருப்பது. ஒன்றின் பலம் மூலுக்கு 20 கிலோயூல் அளவு. உள்ளேயுள்ள ஐதரசன்–ஒட்சிசன் பிணைப்போ 463.

ஐஸில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அயலவர்களோடு இப்படிக் கைகோத்து நிற்கிறது. கை நீட்டிய திசை மாறக்கூடாது என்பதால் நடுவில் வெற்றிடம் விட்டு நிற்க வேண்டியிருக்கிறது. உருகும்போது சில கைகள் விடுபட்டு மூலக்கூறுகள் அந்த இடைவெளிக்குள் நெருங்குகின்றன. அதனால் நீர் அடர்த்தி கூடியது, ஐஸ் மேலே. ஐஸின் அடர்த்தி நீரினதில் 0.917 பங்கு, பத்தில் ஒன்பது பங்கு அமிழ்ந்தபடிதான் மிதக்கும். ஒரு மூல் ஐஸை உருக்க 6 கிலோயூல், ஆவியாக்க 41. உருகும்போது கொஞ்சக் கைகள்தான் விடுபடுகின்றன, மிச்சம் திரவத்திலும் இருக்கின்றன என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அந்த 6 ஐச் சின்னதாக நினைக்காதீர்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோயூல் உறிஞ்சும். அதே ஒரு கிலோ நீரை 0 இலிருந்து 80 பாகை வரை சூடாக்க வேண்டிய அளவு அது. வெறும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாமல் ஐஸ் போடுவதன் லாபம் இந்த எண்ணில் இருக்கிறது.

உள்ளே உடைவது, இடையே விடுபடுவது என்ற இரண்டையும் ஒரே சோதனைக் குழாயில் காட்டக்கூடிய பதார்த்தம் ஒன்று இருக்கிறது: கந்தகம். மெதுவாகச் சூடாக்க வேண்டும், அவசரப்பட்டால் தீப்பிடித்து மூச்சை அடைக்கும் வாயு வரும், ஆகவே ஆசிரியர் இல்லாமல் செய்ய வேண்டாம். கந்தக மூலக்கூறு எட்டு அணுக்கள் கொண்ட வளையம், கிரீடம் போல நெளிந்தது. 115 பாகை அளவில் உருகும். மஞ்சள் நிறத் திரவம் தண்ணீர் மாதிரி ஓடும். வளையங்கள் முழுசாகத்தான் இருக்கின்றன, ஒன்றை ஒன்று விட்டு நகர்கின்றன. இன்னும் சூடாக்குங்கள். 160 பாகையை நெருங்கியதும் விசித்திரம்: சூடாக்கச் சூடாக்க இளக வேண்டிய திரவம் திடீரென்று தடிக்கிறது, நிறம் கருஞ்சிவப்பாகிறது, குழாயைச் சரித்தாலும் ஓடாது. இங்கேதான் பங்கீட்டுவலுப் பிணைப்பு முறிகிறது. வளையம் திறந்து, திறந்த முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட சங்கிலிகளாகி, நூல்கண்டு மாதிரிச் சிக்கிக்கொள்கின்றன. முதல் வருடம் இதைக் காட்டியபோது பின் வாங்கிலிருந்த ஒரு பொடியன், "சேர், குழாய்க்குள் பாணி காய்ச்சுகிறீங்களா?" என்றான். பனம்பாணி பதத்துக்கு அது நல்ல உவமைதான்.

எளிய மூலக்கூற்றுப் பதார்த்தங்களின் இன்னொரு குணமான மின் கடத்தாமை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்னைக் காவ, அசையக்கூடிய ஏற்றம் வேண்டும். மூலக்கூறு நடுநிலையானது, இலத்திரன்கள் பிணைப்பிலும் தனிச்சோடியிலும் கட்டுண்டவை. சீனிக் கரைசல் கடத்தாது, உப்புக் கரைசல் கடத்தும். ஐதரசன் குளோரைட்டு மட்டும் குழப்பும்: வாயுவாக இருக்கும்போது மூலக்கூறு, நீரில் போட்டால் நீரோடு தாக்கமடைந்து ஏற்றமுள்ள அயன்களாகிவிடும். கடத்துவது அந்த அயன்கள்.

கரைதிறனில் "ஒத்தது ஒத்ததில் கரையும்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள், ஏன் என்று எழுதுங்கள். படகு எஞ்சின் திருத்துபவர் கையில் கிரீஸ் பட்டால் தண்ணீரைத் தேடமாட்டார், மண்ணெண்ணெய்யைத் தொட்டுத் துடைப்பார். கிரீஸிலும் மண்ணெண்ணெய்யிலும் ஒரே ரகக் கலைவு விசை, ஆகவே கலந்தால் யாருக்கும் நட்டமில்லை. தண்ணீருக்குள் எண்ணெய் நுழைய வேண்டுமென்றால் நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கோத்த கைகளைக் குலைத்து இடம் விட வேண்டும், பதிலுக்கு எண்ணெய் கொடுப்பதோ மெல்லிய இழுவை மட்டும். அந்தப் பேரம் கட்டாது. துறைமுகத்தில் கசிந்த எண்ணெய் வானவில் நிறத்தில் மேலே படர்ந்து கிடப்பது அதனால்தான்.

"எளிய" என்ற சொல்லும் ஒரு பொறி. எளிய மூலக்கூறு என்றால் சின்னது என்று பொருளில்லை. எல்லை உள்ளது, இத்தனை அணு என்று எண்ணி முடிக்கக்கூடியது. தேங்காய் எண்ணெய்யின் மூலக்கூறில் நூறுக்கு மேல் அணுக்கள் இருந்தாலும் அது எளிய மூலக்கூற்றுப் பதார்த்தமே. 24 பாகை அளவில் உருகுவதால் நம்ம ஊரில் எப்போதும் ஓடும், நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் போத்தலுக்குள் கட்டியாகிவிடும். மறுபுறம் வைரத்திலும் கடற்கரை மணலின் சிலிக்காவிலும் எல்லையே இல்லை. பங்கீட்டுவலுப் பிணைப்பு ஒரு மணியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தொடர்கிறது. அங்கே உருக்குவதென்றால் அந்தப் பிணைப்பையே உடைக்க வேண்டும், வேறு வழியில்லை. சிலிக்கா 1700 பாகை தாண்டித்தான் உருகும். கூட்டத்தில் சிலிக்கனுக்கு மேலேயுள்ள காபனின் ஈரொட்சைட்டு மறை 78 பாகையில் நேரே ஆவியாகிறது. காபன்–ஒட்சிசன் பிணைப்பு பலவீனம் என்பதால் அல்ல. காபனீரொட்சைட்டு மூன்று அணுவில் முடிந்துவிடுகிறது, சிலிக்கா முடிவதே இல்லை.

புல்மோட்டை மணலை இந்த இடத்தில் எடுக்காமல் விட்டால் நான் திருகோணமலைக்காரன் இல்லை. அந்தக் கறுப்பு மணலில் இல்மனைட்டு, உரூட்டைல், சேர்க்கோன் எல்லாம் உண்டு. உரூட்டைல் என்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. 1840 பாகை அளவில் உருகும் இராட்சத சாலகம், அதாவது சிலிக்கா போல எல்லையில்லாமல் தொடரும் அமைப்பு. அதைக் கரியோடு சூடாக்கிக் குளோரீனைச் செலுத்தினால் தைத்தேனியம் நாற்குளோரைட்டு கிடைக்கும். அது என்ன தெரியுமா? நிறமற்ற திரவம். 136 பாகையில் கொதிக்கிறது, மறை 24 இல்தான் உறைகிறது. ஒரு தைத்தேனியத்தைச் சுற்றி நான்கு குளோரீன், தனித்தனி மூலக்கூறுகள். உலோகமும் அல்லுலோகமும் சேர்ந்தால் அயன் சேர்வை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். மணலாக இருந்ததைக் காய்ச்சி வடிக்கக்கூடிய திரவமாக்கிவிட்டோம்! தொழிற்சாலைகள் உண்மையில் அதைத்தான் செய்கின்றன. வடித்துச் சுத்தமாக்கி, பின்னர் ஒட்சிசனோடு தாக்கமடைய வைத்துத் திரும்பவும் ஈரொட்சைட்டாக்கி வெள்ளை நிறப்பூச்சுக்கு எடுக்கிறார்கள். எளிய மூலக்கூறின் குறைந்த கொதிநிலை அங்கே ஒரு குறையாக இல்லை, தொழிலின் அடிப்படையே அதுதான்.

இனி உங்கள் சீனி. ஒரு சுக்குரோசு மூலக்கூறில் எட்டு ஐதரொட்சில் கூட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஐதரசன் பிணைப்புக்குக் கை நீட்டும். தனித்தனியே நலிந்த பிடிகள்தான், ஆனால் அத்தனையும் சேர்ந்தால் மூலக்கூறைப் பக்கத்திலிருந்து பிரிப்பது லேசல்ல. 186 பாகை அளவில் சீனி இளகும்போதே உள்ளேயுள்ள பிணைப்புகளும் சூடு தாங்காமல் முறியத் தொடங்குகின்றன, நீர் மூலக்கூறுகள் கழன்று போகின்றன. சாதாரண அமுக்கத்தில் சீனியைக் கொதிக்க வைத்து ஆவியாக்கவே முடியாது. அயலவரை விடுவதற்குள் மூலக்கூறே சிதைந்துவிடும். ஆகவே உருகுகிறதா கருகுகிறதா என்றால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக நடக்கின்றன. எந்தக் கணத்தில் உள்பிணைப்பு முறியத் தொடங்கியது என்று பார்க்க உபகரணம் வேண்டாம். தாச்சி பக்கத்தில் நின்றால் போதும். சீனிக்கு வாசமில்லை, பொன்னிறமாகும்போது வாசம் வரும்.